இராசன் அமைதியாக வந்த காலை

இதை எழுத மேசையில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. எழும்பி யன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், காய்ந்த உடுப்புகளை மடிக்கிறேன், திரும்பி வந்து ஒரு வரி எழுதுகிறேன். போன மாதம் மூட்டுகள் மறுபடி வீங்கியதால் வைத்தியர் பிரெட்னிசலோன் குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார். ஸ்டெராய்ட் வகைக் குளிசை. வலி அடங்கிவிட்டது. நான்தான் அடங்கவில்லை.

மெல்பேர்னின் தென்கிழக்கில் ஒரு மருத்துவமனையில், மூட்டு நோயாளருக்கும் வேறு அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் பகலில் மருந்தேற்றி அனுப்பும் பகுதியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னோடு வேலை செய்து, இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பாத்திமா அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். மருந்தேற்ற நோயாளர் அமரும் கதிரைகளில் பாதியைக் கழற்றப் போகிறார்களாம். மருந்துகள் இப்போது பேனை போன்ற ஊசிகளில் வருகின்றன. நோயாளர் வீட்டிலேயே தொடையில் குத்திக்கொள்கிறார்கள், வைத்தியரைத் திரையில் பார்க்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வந்து ஏதாவது பேசுங்கள் என்றாள். போய் ஆங்கிலத்தில் பேசினேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் ஆறவில்லை. எல்லாவற்றையும் அளவுக்கு மீறி ஒழுங்காகச் சொல்லிவிட்டேன் போலிருந்தது. அதனால் தமிழில் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவே தாதித் தொழில் பழகினேன். இங்கே வந்து ஆங்கிலப் பரீட்சை எழுதி, தெரிந்ததையே மறுபடி படித்து, என்னைவிட வயது குறைந்தவர்களுக்குக் கீழே வேலை தொடங்கினேன். மகள் மாதுமையின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லியில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அதற்காகக் கணவரும் நானும் மாறி மாறி வேலைக்குப் போனோம். மாதுமை மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம், காலையில் எழும்பும்போது என் விரல்கள் மடங்க மறுத்தன.

முடக்கு வாதம் என்று பெயர் தெரிய வருவதற்கு முன்பே வேலை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊசி மருந்தின் கண்ணாடிக் குப்பியைக் கழுத்தில் முறித்துத் திறக்க வேண்டும். இரண்டு விரலால் செய்கிற வேலை. அந்த இரண்டு விரலும் சூடாக, பழுத்த மிளகாய் போலச் சிவந்து கிடந்தன. பக்கத்தில் நிற்பவர்களிடம் கொடுத்து முறித்து வாங்கினேன். எங்கள் வாட்டின் பொறுப்புத் தாதி பமேலா அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பமேலாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. உயரமான, மெலிந்த, ஐம்பதை நெருங்கிய ஒஸ்ரேலியப் பெண். நடக்கும்போது சத்தம் வராது. ஒருநாள் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, வெறும் நீர் நிரப்பிய குப்பி ஒன்றைக் கையில் தந்தார். முறிக்கச் சொன்னார். முயன்றேன். முடியவில்லை. அவர் அதை வாங்கித் தானே முறித்து, தொட்டியில் ஊற்றி, கண்ணாடியை உரிய பெட்டியில் போட்டார். அனுதாபமாக ஒரு சொல் இல்லை. அடுத்த கிழமையிலிருந்து பகல் மருந்தேற்றும் பகுதிக்கு வரச் சொன்னார். அதுவும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. அங்கே மருந்துப் பைகளை மருந்தாளர்களே தயாரித்து அனுப்புவார்கள். குப்பி உடைக்கும் வேலை குறைவு, பார்க்கும் வேலை அதிகம் என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் என்னைக் காணும்போது, எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. "இன்றைக்கு எது முடியாது?" என்றுதான் கேட்பார். இடது கை மணிக்கட்டு என்பேன். அன்று கட்டில் தள்ளும் வேலை வேறொருவருக்குப் போகும். அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பொய் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது.

நோய் உறுதியாகிப் பிரெட்னிசலோன் குளிசை தொடங்கிய முதல் கிழமையில் நான் பறந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். வலி போன இடம் தெரியவில்லை. படியில் ஓடி ஏறினேன். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. பசி, வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியது போன்ற பசி. முகம் உருண்டு கன்னங்கள் கண்ணுக்குக் கீழே ஏறின. கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, நல்லாய் உடம்பு வைச்சிட்டாய், இந்த நாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது என்று மகிழ்ந்தார். நித்திரை போய்விட்டது. விடிய முதலே குசினி அலுமாரிகளில் உள்ளதை வெளியே எடுத்து அடுக்குவேன். அடுக்கியது பிடிக்காமல் மறுபடி எடுப்பேன். தலைக்குள் ஒரு இயந்திரம் நிற்காமல் ஓடியது. யாராவது மெதுவாகப் பேசினால் அந்த வசனத்தை நானே முடித்துவிட வேண்டும் போலிருக்கும். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். இந்த இயந்திரத்தைப் பற்றி அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி இருந்தேன். அதற்குள் வேறு மருந்து வேலை செய்யத் தொடங்கி, ஸ்டெராய்ட் படிப்படியாகக் குறைந்து, முகம் பழையபடி திரும்பியது.

புதிய பகுதியில் வேலை வெளிப்பார்வைக்கு இலேசு. வந்தவரின் எடையும் வெப்பநிலையும் பார்த்து, காய்ச்சல் இருமல் உண்டா என்று விசாரித்து, கையைச் சூடான துவாயில் சுற்றி நரம்பை எழுப்பி, கனுலா என்ற மெல்லிய ஊசிக்குழாய் போட்டு, மருந்தை மிக மெதுவாகத் தொடங்க வேண்டும். சிறிது நேரத்துக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு தாதியையும் பமேலா நோயாளியின் கதிரையில் அரை நாள் இருத்துவார். ஒரு கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுவார். தொலைபேசியை வாங்கிவிடுவார். இருந்து பார்த்தால்தான் தண்ணீர்க் குவளையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும் என்பார். நானும் இருந்தேன். குளிசை குடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அந்த அரை நாள் எனக்கு ஒரு வருடம்.

இராசன் எங்களிடம் வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. ரோவில் என்ற புறநகரில் வீடு. உறைந்த உணவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஐம்பது வயதைத் தொட்டவர். இரத்தக் குழாய்களின் சுவர் வீங்குகிற நோய் வந்து சிறுநீரகம் வரை போயிருந்தது. எங்கள் கதிரையில் ஏற்றிய மருந்தோடு, வீட்டில் அதிக அளவு பிரெட்னிசலோனும் குடித்தார். அவருடைய மனைவி வதனி ஒவ்வொரு முறையும் கூட வருவார். கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருப்பார்.

இராசன் முதல் முறை வந்தபோது மூட்டு வலியில் முனகினார். இரண்டாம் முறை வந்தபோது வாய் மூடவில்லை. வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டில் கட்டுகிறாராம். அதை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறாராம். தொழிற்சாலையின் வேலை முறையை மாற்ற முதலாளிக்கு யோசனை சொன்னாராம். பக்கத்து நோயாளியின் மருந்துப் பை ஏன் மெதுவாக இறங்குகிறது என்று எழும்பிப் போய்ப் பார்த்தார், தன் குழாயையும் இழுத்துக்கொண்டு. எனக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நித்திரை எப்படி என்று கேட்டேன்.

"நித்திரை எனக்குத் தேவையில்லை அக்கா. நித்திரை கொள்ளுற ஆக்கள் என்னத்தைச் சாதிச்சவை?" என்றார்.

வதனியைப் பார்த்து, வீட்டில் எப்படி என்று கேட்டேன். "ஓம் அக்கா, பரவாயில்லை," என்றார் அவர். இராசன் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியரிடம் சொன்னேன். அவர் அளவைக் கொஞ்சம் குறைத்து, நித்திரைக்கு ஒன்று எழுதினார். அதற்கு மேல் வேகமாகக் குறைத்தால் சிறுநீரகம் போய்விடும் என்றார். அவர் சொன்னது சரி. மூன்றாம் முறையும் இராசன் அதே வேகத்தில் வந்தார், கொஞ்சம் கோபத்தோடு. கனுலா போட ஒரு நிமிடம் தாமதமானதற்குக் கதிரையின் கையை அடித்தார். வதனி கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் பரவாயில்லை.

நான்காம் முறை இராசன் அமைதியாக வந்தார்.

வரவேற்பில் இருந்தவர், இன்றைக்கு உங்கள் ஆள் நல்ல பிள்ளை என்று எனக்குச் சொன்னார். இராசன் நிறுக்கும் தட்டில் ஏறச் சொன்னதும் ஏறினார். இறங்கச் சொன்னதும் இறங்கினார். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். வதனியின் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு தெளிவு. மூன்று நாளாக நல்ல நித்திரை என்றார், நான் கேட்காமலே. அந்தக் குளிசையை அந்த அளவில் குடிக்கிற மனிதன் இப்படி இருக்க மாட்டான். முகம் வாழைத்தண்டு நிறத்தில் இருந்தது. கையைத் தொட்டேன், குளிர்ந்து ஈரமாக இருந்தது. இருந்தபடி அழுத்தம் பார்த்தேன், குறைவு. எழும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தபோது அது இன்னும் விழுந்தது, அவரும் கூடவே விழப் பார்த்தார். பிடித்து இருத்தினேன். வாந்தி எடுத்தார். சர்க்கரையும் கீழே நின்றது.

பமேலா சத்தமில்லாமல் வந்து கதிரையைப் படுக்கையாக்கி, கால்களை உயர்த்தினார். நான் கனுலா போட்டேன். அவசரக் குழுவை அழைத்தோம். வந்த இளம் வைத்தியர் கெட்டிக்காரி. முதல் கேள்வியே, ஸ்டெராய்ட் ஏதாவது தவறியதா என்பதுதான். வெளியிலிருந்து அந்த மருந்து வரத் தொடங்கினால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை நிறுத்திவிடும். சுரப்பி உறங்கிக் கிடக்கும். அப்போது குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. ஆள் போய்விடலாம்.

"இல்லை. ஒரு நாளும் விட்டதில்லை," என்று இராசன் முனகினார். வதனி தலையாட்டினார்.

காய்ச்சலோ கிருமியோ இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று வைத்தியர் இரத்தம் எடுத்தார். ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டெராய்டை நரம்பில் ஏற்றச் சொன்னார், பின்னால் சேலைன் உப்புநீரை வேகமாக. ஏற்றினோம். இராசனின் கண்ணில் உயிர் திரும்பத் தொடங்கியபோது நான் வதனியைப் பார்த்தேன். கைப்பையின் வார் விரலில் இறுகி விரல் நுனி வெளுத்திருந்தது.

நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வா தங்கச்சி, இதிலே இரு என்றேன். அவர் இருக்கவில்லை.

"நான்தான் அக்கா," என்றார். "பெட்டியிலை குளிசை அடுக்கிறது நான். அதை எடுத்துப்போட்டு, அதே மாதிரி வெள்ளையா இருந்த வைட்டமினை வைச்சனான். ஒரு கிழமை மட்டும் மனுசன் நித்திரை கொள்ளட்டும் எண்டு நினைச்சன்."

பிறகு எல்லாம் வந்தது, தடதடவென்று. இரண்டு பிள்ளைகளும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்களாம். சட்டி வைக்கும் சத்தத்துக்கும் இராசன் கத்துவாராம். ஒருநாள் காரைச் செலுத்தும்போது பெருஞ்சாலையில் நிறுத்திவிட்டு, இறங்கி நட என்று வதனியிடம் சொன்னாராம். வைத்தியரிடம் புருஷனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்றார் வதனி. மூன்று நாளாக அவர் நித்திரை கொண்டதைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன் என்றார். அது நித்திரை இல்லை, உடம்பு அணைந்துகொண்டிருந்தது என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அவருக்குச் சொல்லாதேங்கோ அக்கா."

வைத்தியருக்கு நான் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். இல்லையென்றால் வேறு காரணம் தேடிக்கொண்டே இருப்பார்கள். நாளைக்கு அதே பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போவார். இராசனுக்குச் சொல்வது வைத்தியரும் நீங்களும் பேசித் தீர்மானிக்க வேண்டியது என்றேன். சொல்லும்போதே, அந்த வீட்டில் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பமேலாவிடம் சொன்னேன். அவர் ஒரு சிறிய அறையைத் திறந்து, தாழ்ந்த முக்காலி ஒன்றை இழுத்து, வதனியைவிடக் கீழே இருந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தார். நான் நிற்கிறேனே என்றேன். நீ இன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் நில், அவளுக்காகப் பேச வேண்டாம் என்றார். தொலைபேசியில் வந்தது தமிழ்நாட்டுப் பெண்ணின் குரல். பயப்படாம சொல்லுங்க, மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க என்று கேட்டது. வதனி குளிசை என்றார், அந்தக் குரல் மாத்திரை என்றது, கொஞ்ச நேரத்தில் இரண்டும் பழகிவிட்டன. பமேலா மூன்றே விடயம் கேட்டார். அவர் உன்னை அடித்தாரா. பிள்ளைகளை அடித்தாரா. இன்று இரவு வீட்டில் யார் இருப்பார்கள். அடிக்கவில்லை என்று வதனி சொன்னார். கடைசியாகப் பமேலா, இதை உன்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள், நீ எங்களைத் தேடி வந்திருக்க வேண்டியதில்லை என்றார். மொழிபெயர்ப்பாளரின் குரல் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறியது.

இராசனை வாட்டில் சேர்த்தார்கள். குளிசை நின்றதுதான் காரணம் என்று வைத்தியர் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தியது யார் என்பதைச் சொல்ல வதனிக்கு அவகாசம் கொடுத்தார். மறுநாள் என் வேலை முடிந்து நான் அங்கே எட்டிப் பார்த்தேன். வதனி என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நான் இருந்தேன். அவர் நின்றபடியே சொன்னார், ஒரே மூச்சில், தன் புருஷனின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய போர்வையைப் பார்த்து.

இராசனுக்கு மறுபடி ஸ்டெராய்ட் போய்க்கொண்டிருந்தது. கோபம் வந்தால் நான் என்ன செய்வது, எந்த மணியை அழுத்துவது என்று பார்த்து வைத்திருந்தேன். அவர் மேற்கூரையைப் பார்த்தார். கால் விரல்கள் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருந்தன.

"நான் உன்னை அடிச்சனானோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிள்ளையளை?"

"இல்லை. அடிப்பியள் எண்டு நினைச்சம்."

"அதுவும் அடிச்சமாதிரித்தான்," என்றார் இராசன். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு நான் நல்லா இருக்கிற மாதிரித்தான் இருந்தது அக்கா. இவ்வளவு நல்லா நான் ஒருநாளும் இருந்ததில்லை."

எனக்கும் அப்படித்தான் இருந்தது, தம்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்லலாம். மனதை அடக்க ஒரு மருந்து சேர்த்தார்கள். ஸ்டெராய்டை மாதக்கணக்கில், மிக மெதுவாகக் குறைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. இராசன் வேலைக்குத் திரும்பினார். கொட்டில் பாதியில் நிற்பதாக ஒரு தடவை சிரித்தபடி சொன்னார். பிள்ளைகள் கதவைத் திறக்க நாள் எடுத்ததாக வதனி சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் அதன் பிறகு வந்தது. நோயாளிக்கு மருந்து இறங்கத் தொடங்கியதும், ஒரு தாதி கூட வந்தவரைத் தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போவாள். நோயாளி எழும்பி வர முடியாது, கையில் குழாய் இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்போம்: வீட்டில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? பமேலா ஓய்வு பெறும் வரை அதைத் தவறவிட யாரையும் விடவில்லை. பிறகு நானும் விடவில்லை. பாத்திமாவின் புதிய பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன். ஒருத்தி கையை உயர்த்தி, திரையில் பார்க்கும்போது கூட இருப்பவரை எப்படித் தனியாகக் கூப்பிடுவது என்று கேட்டாள். கைதட்டலோடு கூட்டம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வியோடுதான் நான் இப்போது எழும்பி எழும்பி நடக்கிறேன்.

அங்கே சொல்லாத ஒன்று இருக்கிறது. இராசனின் கட்டிலருகே இருந்துவிட்டு வந்த அன்று, மருத்துவமனையின் கார்த் தரிப்பிடத்தில் நின்று மாதுமைக்கு அழைத்தேன். அவள் அப்போது படித்து முடித்து சிட்னியில் வேலை. இரவுச் சாப்பாட்டு நேரம். வாயில் எதையோ மென்றுகொண்டு பேசினாள். நான் முதன்முதலில் அந்தக் குளிசை குடித்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் எப்படி இருந்தேன் என்று கேட்டேன். ஏன் இப்போது என்றாள். சும்மா என்றேன்.

"நீங்கள் கத்தினது ஒண்டும் பெரிசா ஞாபகமில்லை அம்மா," என்றாள். "நாங்கள் சாப்பிட்டு முடிக்க முதலே எங்கடை சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவப் போயிடுவீங்கள். அதாலை நானும் அப்பாவும் கெதியாச் சாப்பிடப் பழகினம்."

பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, அதில் ஒன்றும் இல்லை, எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி பண்ணுகிறார்கள், அலுவலகத்தில் எப்போதும் தான்தான் முதலில் சாப்பிட்டு முடிப்பது என்று சொல்லிச் சிரித்தாள்.